தண்ணீர்: இல்லை

நான்கு நாளாக ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. ஆனாலும் கற்றாழை இருநூறு கிராம் கூடியிருந்தது.

நர்ஸ் தொட்டியை எடை மெஷினிலிருந்து இறக்கினார், மறுபடி ஏற்றினார். அதே இருநூறு. பக்கத்தில் இருந்த அடினியம் பூச்செடியை ஏற்றினார். அது இருநூற்றைம்பது கூடியிருந்தது. பத்தொன்பது வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிற மனிதர். வாய் வழியாக எதுவும் கொடுக்காத நோயாளி எடை கூடினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். நல்ல அர்த்தம் இல்லை.

கேஸ் ஷீட் மாதிரி கோடு போட்டு வைத்திருந்த நோட்டில் எழுதினார்: "தண்ணீர்: இல்லை. மண்: ஈரம். காரணம்: தெரியவில்லை." நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதைத் தினமும் வேலைக்கும் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் படித்துக் கவலைப்படுவது வழக்கமாகிவிட்டது.

செடிக்குப் போய் யாராவது கேஸ் ஷீட் எழுதுவார்களா என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு தொட்டியில்தான் மனிதருடைய குடும்பமே இருந்தது.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவருடைய மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் சின்னது என்றுதான் நர்ஸ் நினைத்தார். அவள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். மூன்று நாளும் இவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டிருக்கிறார்.

"ஏழாம் நம்பர் பெட்ல இருக்கறவருக்கு எத்தனை டிகிரின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க. எனக்கு எத்தனைன்னு தெரியுமா?"

"இப்பப் பாக்கட்டுமா?" என்று நர்ஸ் தெர்மாமீட்டரை எடுத்தார். அதை எடுக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பார்.

அவள் வாசலில் நின்று பால்கனியைக் காட்டினாள். "இந்த வீட்டுல ரொம்பக் கொஞ்சமா கேக்கற ஜீவன் அது ரெண்டுதான். முப்பதாவது நாள் வருவேன். ரெண்டும் உசிரோட இருந்தா பெட்டியப் பிரிப்பேன். இல்லன்னா மிச்சத் துணியையும் எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்."

மறுநாளே நர்ஸ் நோட்டும் பேனாவுமாகச் செடிக்கடையில் போய் நின்றார்.

"ரெண்டும் வறட்சி தாங்கற செடிதானே? ஒரே மாதிரி பாத்துக்கிட்டா போதுமில்ல?"

"கூடப் பொறந்ததுங்களே ஒரே மாதிரி இருக்கறதில்ல சார்," என்றார் கடைக்காரர். "அடினியத்துக்கு நல்ல வெயில் வேணும். நெழல்ல வெச்சா இலையக் கொட்டிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். கற்றாழைக்குக் காலை வெயில் போதும், உச்சி வெயில்ல செவந்துடும். அடினியத்துக்கு வாரம் ஒரு தடவை தண்ணி, கற்றாழைக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. அடினியத்தை வருஷா வருஷம் நறுக்கி விடணும். கற்றாழைக்கு அதெல்லாம் வேணாம், குட்டி விட்டா பிரிச்சு வெச்சா சரி."

"செத்தா எதுனால சாகும்?"

"அதுல மட்டும் ரெண்டும் ஒத்துமை. தண்ணி கூடினா வேர் அழுகிடும். மறந்துட்டாக்கூடப் பொழச்சுக்கும் சார். ரொம்பக் கவனிச்சாத்தான் கஷ்டம்."

மறப்பதென்றால் நர்ஸுக்குச் சொல்லியா தர வேண்டும்? நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். எட்டாம் நாள் அளந்து ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார். அன்றிலிருந்து தினமும் எடை பார்த்தார். அதன் பிறகுதான் இந்தக் கூத்து.

பால்கனிக்கு மேலே கூரை உண்டு. மழையும் இல்லை. அப்படியென்றால் மாடிவீடுதான். நர்ஸ் விறுவிறுவென்று ஏறிப்போய்க் கதவைத் தட்டினார்.

"உங்க ஏசித் தண்ணி என் செடில சொட்டுது."

"ஏசியா?" என்றார் மாடிவீட்டுக்காரர். "ஃபேனே ஓடி ஒரு வாரமாச்சு. வேணும்னா உள்ள வந்து பாருங்க."

போய்ப் பார்த்தார். ஃபேன் ஓடவில்லை. ஏசி மாட்ட ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தார். சத்தம் கேட்டு வெளியே வந்திருந்த கீழ்வீட்டு அம்மா படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்ன தம்பி, செடியெல்லாம் எப்படி இருக்கு?"

"ஜோரா இருக்கும்மா."

"இருக்கும், இருக்கும்," என்று அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு தொட்டியையும் படுக்கையறைக்கு மாற்றினார். ஒரே வாரத்தில் அடினியம் இலையெல்லாம் கொட்டிவிட்டு, கடைக்காரர் சொன்னபடியே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. மண் மட்டும் அதே ஈரம்.

மனைவி போனில் கேட்டாள். "இலை எதுவும் வாடலையே?"

"சேச்சே! பச்சைப் பசேல்னு இருக்கு."

"பச்சைப் பசேல்னா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். "சரி," என்று வைத்துவிட்டாள். மறுநாள் அடினியம் அரைக் கிலோ கூடியிருந்தது.

இப்போது நர்ஸுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அசதியில், தூக்கத்தில் எழுந்து நாமே ஊற்றித் தொலைக்கிறோமோ? குளியலறை மக்கை அலமாரியில் வைத்து, குறுக்கே பிளாஸ்திரி ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். பிளாஸ்திரி பிரியவில்லை. எடை கூடியது.

கடைசியில் ஆபரேஷன்தான் என்று முடிவானது. கையுறை மாட்டிக்கொண்டு அழுகின வேரை வெட்டினார், புது மணல் போட்டார், இரண்டையும் உலரட்டும் என்று பால்கனியில் உச்சி வெயிலில் வைத்தார். கற்றாழை செங்கல் நிறத்துக்கு வந்தது. சாயங்காலம் தொட்டுப் பார்த்தால் புது மணலும் சொதசொதவென்று இருந்தது.

இருபத்தெட்டாம் நாள் அடினியத்தின் அடித்தண்டில் விரல் வைத்தார். விரல் உள்ளே போய்விட்டது. மறுநாள் கற்றாழையை மெல்லத் தூக்கினார். அது வேரைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுக் கையோடு வந்தது.

நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு மாதமாகப் பழகின வீட்டு அமைதி அன்றைக்கு அவரைப் பயமுறுத்தியது. இனி எப்போதும் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதார்.

செடிக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதே உசரத்துல, அதே கலர்ல ரெண்டு செடி தரேன் சார். பெத்த தாய்க்குக்கூட வித்தியாசம் தெரியாது."

நர்ஸ் நிஜமாகவே யோசித்தார். கையில்கூட எடுத்துப் பார்த்துவிட்டார். பிறகு கீழே வைத்தார். "வேணாம்ங்க. செத்தவங்கள உசிரோட இருக்காங்கன்னு நான் இதுவரைக்கும் எழுதினதில்ல."

முப்பதாம் நாள் மனைவி வந்தாள். பின்னாலேயே தம்பி, இரண்டு காலிப் பெட்டியோடு.

மேசைமேல் தொட்டிகளும் பக்கத்தில் அந்த நோட்டும் இருந்தன. "காப்பாத்த முடியலம்மா," என்றார் நர்ஸ். எத்தனையோ குடும்பத்துக்கு இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். குரல் இப்படி உடைந்ததில்லை. "நீ சொன்னது சரிதான். எனக்கு வீட்டுல ஒண்ணையும் பாத்துக்கத் தெரியல. போறதுன்னா போ. காய்ச்சல் வந்தா மட்டும் ஒரு போன் பண்ணு."

அவள் நோட்டைப் புரட்டினாள். தண்ணீர்: இல்லை. தண்ணீர்: இல்லை. பக்கம் பக்கமாக அதே இரண்டு வார்த்தை, அதே குண்டு குண்டான கையெழுத்து. அவள் முகம் வெளுத்தது.

"நீங்க தண்ணியே ஊத்தலையா?"

"ஒரே ஒரு தடவை. அதுக்கு மேல கூடாதுன்னாங்க. ஆனா மண்ணு காயவே மாட்டேங்குது. என்னென்னவோ பண்ணிப் பாத்தேன்."

அவள் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் நர்ஸ்.

"அக்கா, பெட்டியத் தொறக்கவா?" என்றான் தம்பி.

திறந்திருந்த கதவு வழியாகக் கீழ்வீட்டு அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கையில் இந்த வீட்டின் இன்னொரு சாவி.

"இந்தாம்மா, இனிமே இத நீயே வெச்சுக்க; 'அந்த மனுஷன் மறந்துடுவாரு, மக்கக்கூட ஒட்டி வெச்சிருக்காரு, செடி செத்துட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுத் திரும்பி வர்றது'ன்னு மூணு வாரமா தினம் மத்தியானம் ரெண்டு பஸ் மாறி வந்து தண்ணி ஊத்திட்டுப் போனியே, அந்த அலைச்சல் இன்னியோட முடிஞ்சுது!"