சந்தனம் பூசிய கண்ணாடி இழை

பக்தி நல்லதுதான். ஆனால் அதை ஆய்வுகூடச் சாமானில் காட்டக்கூடாது. இதை அறிந்துகொள்ள எனக்கு விஞ்ஞானத்தில் ஒரு பட்டமும், அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமையும் தேவைப்பட்டன.

அப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மீன் பழுதா, நல்லதா என்று சொல்லும் கண்ணாடி இழை செய்வதுதான் வேலை. வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்க இழுப்பார்களே, அந்த வகை இழைதான். நுனியில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத தங்கப் புள்ளிகள் இருக்கும். மீன் பழுதாகும்போது அதில் கூடும் ஹிஸ்டமின் அங்கே ஒட்டினால், இழைக்குள் திரும்பிவரும் ஒளியின் நிறம் மாறும். கணினி அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். வேறு ஏதாவது அப்பினாலும் நிறம் மாறிவிடும் என்பதால், பக்கத்தில் யாராவது தும்மினால்கூட நான் எரிந்து விழுவேன்.

நோர்வேயிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்தவர். தன் ஆய்வுகூடத்துக்கு ஒரேயொரு மாணவியைத் தெரிவு செய்யப் போகிறார் என்றார்கள். அந்த இடம் கிடைக்காவிட்டால் உயிரோடு இருந்து பயனில்லை என்ற நினைப்பில் திரிந்தேன்.

அவர் முன்னால் இழையைச் சோதித்துக் காட்டவேண்டிய அந்த வெள்ளிக்கிழமை காலை, மயிலிட்டியில் எங்கள் வீட்டிலிருந்துதான் புறப்பட்டேன். அப்பா புது வலை வாங்கினாலும் அம்மன் கோயிலில் வைத்துப் பூசை செய்தபிறகுதான் கடலில் போடுவார். (வலைக்கு ஒரு நியாயம், இழைக்கு ஒரு நியாயமா?) இழைப் பெட்டியை அப்பாவோடு கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

"மூடியோடை வைக்கட்டோ பிள்ளை?" என்று ஐயர் கேட்டார். அவருக்கு இருந்த புத்திகூட எனக்கு இருக்கவில்லை!

"இல்லை ஐயா, திறந்து வையுங்கோ. தீர்த்தம் வடிவாப் படட்டும்" என்றேன்.

வடிவாகப் பட்டது. தீர்த்தம் தெளித்து, நுனியில் சந்தனமும் தொட்டு வைத்தார். மேலதிகமாக வைத்திருந்த இரண்டு இழைகளுக்கும் ஓரவஞ்சனை செய்யக்கூடாதென்று அவற்றையும் நீட்டினேன். பிறகு எல்லாவற்றையும் கைக்குட்டையால் துடைத்தேன். (தும்மலுக்கே சண்டை பிடித்தவள்!)

பரிசோதனைக்கென்று அப்பா ஆய்வுகூடத்துக்கு வாளியில் கடல்நீர் விட்டு இரண்டு பாரைமீன்களை உயிரோடு கொண்டுவந்திருந்தார். ஒன்றை வெட்டி, பிழிந்த நீரில் இழையைத் தோய்த்தேன். "பழுது. உண்ணத் தகாதது" என்றது கணினி. அதே நேரம் வாளிக்குள் மற்றது துள்ளி, பேராசிரியையின் சேலையை நனைத்தது.

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. "என்ரை மீன் பழுதாமோ? உவன் இன்னும் துள்ளுறான்!"

"கொஞ்சம் சும்மா இருங்கோ அப்பா."

"சுத்தத் தண்ணியிலை வையுங்கோ பாப்பம்" என்றார் பேராசிரியை.

வைத்தேன். பழுது. மற்ற இரண்டு இழைகளும் ஒற்றுமையாக அதையே சொல்லின.

"தண்ணியும் பழுதோ?" என்றார் அப்பா.

பேராசிரியை இழையை வாங்கி மூக்கருகே பிடித்தார். "எந்தக் கோயில்?"

எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. அப்பாவோ பெருமையாக, "எங்கடை அம்மன் கோயில்தான். சரியான சக்தி" என்றார்.

"ஓம், அது தெரியுது" என்றார் பேராசிரியை.

இடம் என்னோடு போட்டியிட்ட என் சிநேகிதிக்குக் கிடைத்தது. அவர்கள் வீட்டார் மெதடிஸ்த சபைக் கிறிஸ்தவர்கள். புறப்படுமுன் ஜெபம் செய்தார்களாம். ஜெபம் இழையில் ஒட்டாது. பஸ்ஸில் வீடுவரை அழுதேன். "அழாதை பிள்ளை, அந்தக் கணினிக்கு விசர் பிடிச்சிட்டுது" என்று அப்பா தேற்றிக்கொண்டே வந்தார்.

அடுத்த வருடம் அதே பேராசிரியை மறுபடி வந்தார். இழைகளை நான் ஆய்வுகூடத்தில் பூட்டி வைத்தேன். அப்பா வெறும் பெட்டியைக் கோயிலில் வைத்து எடுத்தார். அம்மனும் கோபிக்கவில்லை, கணினியும் கோபிக்கவில்லை. இடம் கிடைத்தது.

படிப்பு முடிந்து வந்தபின் அதே கோயிலில் எனக்குக் கல்யாணம். ஐயர் சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்ததும் அப்பா எழுந்து நின்று மறித்தார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. பிள்ளை மூடி போட்டிருக்கிறாளோ எண்டு முதல்லை கேளுங்கோ!"

கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை தாலி கட்டும்போதும் நான் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.