காளான் கிளாக்கரும் என் இடமாற்றமும்

மழை விட்ட பிறகு காளான் கிளாக்கரைக் கதிரையில் கண்டவர் புங்குடுதீவிலேயே கிடையாது. கூரையில் கடைசித் துளி விழுமுன் நாங்கள் வேலை செய்த அரசாங்கக் கந்தோரின் பின்கதவு படாரென்று அடிக்கும்; மனிதர் பறந்திருப்பார்.

விழுந்து உக்கும் பனங்குற்றிகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பது அவருக்கு மனப்பாடம். பக்கத்தில் குந்தி, காளானை மோந்து, நசித்து, தொப்பியைப் புரட்டி அடியிலுள்ள மடிப்புகளைப் பார்ப்பார். வீதியால் போகிறவர்களுக்கு ஒரே கேள்விதான்.

“கிளாக்கர் அண்ணை, உது தின்னலாமோ?”

“ஏன், கண்டதெல்லாத்தையும் தின்னத்தான் வேணுமோ?”

அவரிடம் ஒரு சோதனை இருந்தது. தொப்பியை வெட்டி வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் அதில் மெல்லிய தூள் படிந்திருக்கும். தூளின் நிறம் தெரிந்தால்தான் இனம் பிரிக்கலாம் என்பார். கந்தோரிலோ வெள்ளைத் தாளுக்குத் தட்டுப்பாடு.

ஒரு திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், என் இடமாற்ற விண்ணப்பத்தின் மேல் காளான் குடியிருக்கிறது! தூக்கினால், அதிகாரி கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக ஒரு வட்டம். மனைவி யாழ்ப்பாணத்தில் நிறைமாதம். விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பழுப்பு! நான் வெள்ளையெண்டெல்லோ நினைச்சனான்!” என்று குதித்தார் கிளாக்கர்.

“அண்ணை, இது என்ரை விண்ணப்பம்!”

அவர் முகம் செத்துவிட்டது. “அந்த இடம் வெறுமையாக் கிடந்துது, அதுதான்... இஞ்சை தாரும்!” தாளைப் பறித்துக்கொண்டு சேற்றுக் காலோடு பட்டணத்துக்கு பஸ் ஏறினார்.

அங்கு நடந்ததைப் பிறகு அந்தக் கந்தோர்ப் பியோன் சொன்னார். பெரிய அதிகாரி, “இது என்ன கறை?” என்று கேட்டுவிட்டாராம். கேட்டிருக்கக்கூடாது. கிளாக்கர் கதிரையை இழுத்துப் போட்டு, மடிப்பிலிருந்து ஆரம்பித்தார். அரை மணித்தியாலமாகியும் தூளுக்கு வரவில்லை. மனிதரை எழுப்பி அனுப்ப வேறு வழி தெரியாமல் அதிகாரி கறையின் மேலேயே கையெழுத்து வைத்தார்.

நான் புறப்பட்ட காலை நல்ல மழை. பஸ் தரிப்பில் எல்லோரும் நின்றார்கள், கிளாக்கரைத் தவிர. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தீவை விட்டு வெளியேறும் பாலத்துக்குச் சற்று முன் பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன், வீதியோரம் ஒரு பனங்குற்றிக்குக் குடை பிடித்தபடி, தான் தெப்பமாக நனைந்துகொண்டு நின்றார்.

“அண்ணை!” என்று கத்தினேன்.

“ஓம், ஓம், போட்டு வாரும்! இதை விட்டிட்டு வர ஏலாது, தூள் கழுவுப்பட்டுப் போம்!”

இடமாற்றம் கேட்டு அழுத நான், இறங்கிவிட மனம் உந்த, பஸ் பாலத்தில் ஏறும்வரை மணிக்கயிற்றைப் பிடித்தபடியே இருந்தேன்.