வழிந்த பெயிண்டே விலாசம்

என் அண்ணனுடைய பாதத்துக்கும், அந்தப் பாதத்தை விடாமல் பிடித்திருக்கும் கால் ஆணிக்கும் தம்பியின் வணக்கம். இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. சொல்வது நான், எழுதுவது என் மூத்த மகள். அவள் ஒரு வார்த்தையை மாற்றினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறாள்.

போன வருஷம் என்று சொன்னால் உனக்கு ஞாபகம் வராது. பஸ் நிலையத்துக் கடிகாரம் நின்றுபோய், மருந்துக்கடைக்காரர் அறுபத்தொரு வயதில் பெண் குழந்தைக்கு அப்பாவாகி, எனக்கு மேல்வரிசையில் மிச்சமிருந்த ஒரே பல்லும் விழுந்த வருஷம். அந்த வருஷம்தான் உன் நகரத்துக்கு நான் வந்து நாலு நாள் வம்பில்லாமல் இருந்தது. ஐந்தாம் நாள் நடந்ததைப் பற்றி நீ ஊரெல்லாம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று கேள்வி. என் பக்கத்துக் கதையையும் கேள்.

உன் கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு. நம்பர் போட்டிருக்கிறது, எழுத்தும் எண்ணும் தெரியாதவனுக்கு அது வெறும் கோலம். ஆனால் நாற்பத்திரண்டு வருஷம் கதவுக்கும் ஜன்னலுக்கும் பெயிண்ட் அடித்தவன் நான். உன் கதவில் பூட்டுக்குக் கீழே பெயிண்ட் வழிந்து மூன்று கோடாகக் காய்ந்திருந்தது. யாரோ அரைகுறை ஆள் செய்த வேலை. எனக்கு அதுதான் விலாசம். அன்றைக்குக் காலையில் தெருவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன். திரும்பி வருவதற்குள் பெயிண்டர்கள் வந்து உன் மாடிக் கதவுக்கெல்லாம் புதுப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். என் விலாசம் போயே போச்சு. நான் என்ன செய்ய? ஈரம் காயத் திறந்து வைத்திருந்த ஒரு கதவுக்குள் போனேன், உன் வீட்டு சோபா மாதிரியே இருந்தது, படுத்துவிட்டேன்.

கண் விழித்தால் எதிரே ஒரு வழுக்கைத் தலைக்காரர். "யாருங்க நீங்க?" என்றார். "அண்ணனோட தம்பி" என்றேன். "எந்த அண்ணன்?" என்றார். உன் சிநேகிதர், விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பாவம், மரியாதைக்காரர், டீ போட்டுக் கொடுத்தார். சும்மா குடிக்க முடியுமா? நீ ஏணி மேலேயே தூங்கி விழுந்தது, பெண் பார்க்க இரவல் செருப்பில் போனது, இன்றைக்கும் கதவைச் சாத்திக்கொண்டு மீசைக்கு மை தீட்டுவது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவராம். லிஃப்டில் இப்போது அவர் உன் மீசையைப் பார்த்துச் சிரித்தால் காரணம் அதுதான்.

அது உன் வீடே இல்லை என்று அவர் சொன்ன பிறகு வெளியே வந்தேன். மேல்மாடியில் ஒரு பெயிண்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமலே பழைய பெயிண்ட் மேல் புதுசை அப்பிக்கொண்டிருந்தான். வயிறு எரிந்தது. "தள்ளுப்பா" என்று பிரஷை வாங்கினேன். நாலு கதவு முடித்தேன், ஒரு சொட்டு வழியவில்லை. நீ வாட்ச்மேனையும் கூட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் தேடிய சங்கதி எனக்கு எப்படித் தெரியும்? நான் போட்டிருந்தது உன் புது வெள்ளைச் சட்டை என்பதும் நீ வந்து கத்திய பிறகுதான் உறைத்தது. "டேய், எழுபத்தாறு வயசாகுது, அறிவு இருக்கா உனக்கு? இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதே" என்றாய், நாலு மாடி கேட்க. பிரஷை அந்தப் பெயிண்டரிடமே திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் பஸ் ஏறினேன்.

இப்போது உன் மருமகள் போன் செய்து, "சின்ன மாமா, வந்து பத்து நாள் இருந்துட்டுப் போங்க" என்கிறாள். "அண்ணன் எங்கேம்மா?" என்றேன். "பக்கத்துலதான் இருக்காரு, டிவி பாக்குறாரு" என்றாள். டிவியை விட்டுவிட்டு ஒரு 'வா' சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அப்படியென்றால் நீ சொன்ன 'வராதே' இன்னும் அப்படியேதானே இருக்கிறது?

ஒன்பது நாளாகப் பை கட்டி வாசலில் இருக்கிறது. காலையில் துண்டை எடுத்துக் குளிக்கிறேன், காய்ந்ததும் திரும்ப மடித்து வைக்கிறேன். மகள் இரண்டு தடவை தடுக்கி விழுந்தாள். "ஒண்ணு கெளம்புங்க, இல்ல பையைப் பிரிங்க. நடுவுல என் காலை ஒடிச்சிடாதீங்கப்பா" என்கிறாள். இதையும் எழுது என்றேன், முறைத்துக்கொண்டே எழுதுகிறாள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். நீயாக வாய் திறந்து கூப்பிடாமல் நான் வரமாட்டேன். மானம் என்று ஒன்று எனக்கும் உண்டு. மருமகளுக்கு ஆசீர்வாதம், மேனேஜருக்கு விசாரிப்பு, உன் கால் ஆணிக்குச் சீக்கிரம் விடுதலை.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: தபாலில் போட்டால் இது வந்து சேர நாலு நாள் ஆகுமாம். அதனால் நாளைக் காலை பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். நீதான் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். படித்து முடித்ததும் 'வராதே' என்று மறுபடி திட்டு, பரவாயில்லை, உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் ஐயா என்கிறார்கள், பெரியவரே என்கிறார்கள், பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அப்பா போனார், அம்மா போனாள், பெரியக்கா போனாள், நம் இருவரையும் பிரஷ் கட்டையால் அடித்த மேஸ்திரியும் போய்ச் சேர்ந்தார். என்னை 'டேய்' போட்டுத் திட்ட உயிரோடு மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான், அண்ணே.