காலமானவர் அளித்த சாட்சியம்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். இதை வழக்கமான நலம் விசாரிப்பு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். விசாரணைக் கமிஷன் ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவழித்து ஒப்புக்கொண்ட விஷயம் இது. நீங்களும் அத்தையும் இவ்வளவு சிரமமில்லாமலே உயிரோடும் நலத்தோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். துணைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசியமே இல்லை, எல்லாம் ஓடுகிறது.

பேப்பரில் அரைகுறையாகப் படித்துப் பயந்திருப்பீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கம்பெனி பெரியாஸ்பத்திரிக்குச் செய்துகொடுத்த கம்ப்யூட்டர் பதிவு, நோயாளியைப் போன் நம்பரை வைத்துத்தான் அடையாளம் காணும். ஒருவர் இறந்தால் பதிவு ஜன்னலில் இருக்கும் அக்கா 'காலமானார்' பட்டனை அழுத்துவார், நம்பர் மூடிக்கொள்ளும். இதில் என்ன கோளாறு என்கிறீர்களா? அந்த அக்காவுக்கு இளகின மனசு. நம்பர் போடாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் நகராது என்பதால், போன் இல்லாத வயசானவர்கள் வந்தால் தன் நம்பரையே போட்டுச் சீட்டுக் கொடுத்துவிடுவார். இப்படியே நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். போன மாதம் அதில் ஒரு தாத்தா போய்ச் சேர்ந்தார், அக்கா பட்டனை அழுத்தினார், மொத்தப் பேரும் காலி, அக்கா உட்பட! மருந்து கிடைக்காதவர்கள் எல்லாம் ரோட்டில் உட்கார்ந்துவிட, அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்து, ஒரேயடியாக அனுப்பிவிடலாமா என்று பார்க்கப் பொது விசாரணை வைத்தார்கள்.

சாட்சி சொல்ல நகராட்சி மண்டபத்துக்குப் போனால், வாசலில் நின்ற ஊழியர் ஆஸ்பத்திரி கொடுத்த லிஸ்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"சார், நீங்க இறந்துட்டீங்க."

"எப்போ?"

"ஆறு மாசம் ஆச்சு. வாரிசு யாராச்சும் வந்திருந்தா உள்ள விடலாம்."

நானும் உங்கள் மகளும் ஆஸ்பத்திரியில் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நான் போன் எடுக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். ஆக, அவள் போன அன்றைக்கே கம்ப்யூட்டர் என்னையும் கூட அனுப்பிவிட்டது. யாரும் சொல்லவில்லை, எனக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வாசலில் நான் வாதாடிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து கைத்தடி ஊன்றிய ஒரு அம்மா அதட்டினார்: "தம்பி, வரிசையில வா! நானும் செத்தவதான். உனக்கு முன்னாடியே வந்து நிக்கிறேன்."

ஒருவழியாக உள்ளே போனேன். கமிஷன் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி, "நீங்க உயிரோட இருக்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார். யோசிக்கும்போதே எனக்குத் தும்மல் வந்துவிட்டது. "தும்மினார்னு எழுதட்டுமா ஐயா?" என்று சுருக்கெழுத்துக்காரர் கேட்டார். எழுதினார்கள்.

கம்பெனி வக்கீல் முன்னாடியே என் காதைக் கடித்திருந்தார்: "அந்தம்மா விதிய மீறிட்டாங்கன்னு ஒரு வரி சொல்லுங்க, போதும். உங்க வேலைக்கும் நல்லது." அக்கா முதல் வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். கடைசித் தடவை உங்கள் மகளைச் சேர்த்தபோது, எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவளை உட்காரவைத்தவர் அவர்தான், மாமா.

"அவங்க மேல தப்பே இல்லைங்க," என்றேன். "ஒரு நம்பர்னா ஒரு ஆள்னு எழுதிவெச்சதுதான் தப்பு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படி எழுதின புத்திசாலி யாரு?"

"நான்தாங்க ஐயா."

பின் வரிசையில் தடி தரையில் தட்டுகிற சத்தம். "அடப்பாவி! நீதானா என்னைக் கொன்னது!"

தலைவரே சிரித்துவிட்டார். அக்கா மட்டும் அழுதார். மூடின நம்பரையெல்லாம் திறந்துவிட உத்தரவாகி, திங்கட்கிழமையே அவர் ஜன்னலுக்குத் திரும்பிவிட்டார். என்னைக் கம்பெனியில் துரத்துவார்கள் என்று பார்த்தேன். நான் எழுதியது வேறு யாருக்கும் புரியவில்லையாம், நீயே சரிபண்ணு என்று விட்டுவிட்டார்கள். ஆக, எல்லாம் சுபம்.

அத்தையின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் இருவர் காலிலும் இங்கிருந்தே விழுந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
கமிஷன் உத்தரவுப்படி உயிரோடிருக்கும்
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: ஒன்று விட்டுப்போச்சு. நம்பரைத் திறந்தால் அந்த நம்பரில் இருக்கிற எல்லோரும் எழுந்துவிடுவார்கள். நேற்று அவள் போனுக்கு, அவள் பேர் போட்டு, வரும் செவ்வாய் பத்து மணிக்குப் பரிசோதனைக்கு வரச்சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. இப்போது ஒருவரை மட்டும் தனியாக மூடலாம், அப்படி மாற்றி எழுதியவனும் நான்தான். ஆனால் வீட்டுக்காரர் என்று என் கையெழுத்து வேண்டும். "மூடலைன்னா மறுபடியும் என் தலையிலதான் விடியும் தம்பி," என்றார் அக்கா, "ஆனா நீங்க மெதுவா வாங்க." இரண்டு தடவை ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். செவ்வாய்க்குள்ள வந்துடுங்க மாமா. சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடலாம்.