வாத்தியார் பசிபிக் கடலுக்குப் புறப்படுகிறார்

"என் வண்டியை என்னன்னு நினைச்சீங்க? பசிபிக் கடல் வரைக்கும் போகும்!"

சொல்லி முடித்த பிறகுதான், தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது லைல் ஹாகன் அவர்களுக்கே விளங்கியது.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து உண்ணும் ஞாயிற்றுக்கிழமை விருந்து அது. கூடத்தில் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. வம்பை இழுத்தவர் எதிரில் அமர்ந்திருந்த டாரல் புரூயிட். அயோவாவில் பன்றிப் பண்ணை நடத்தி ஓய்வு பெற்றவர்; பொத்தானை அழுத்தினால் இருபுறமும் அறைகள் வெளியே நீளும், பேருந்து அளவிலான வீட்டுவண்டி ஒன்றின் உரிமையாளர். "உங்களோடது வண்டியே இல்ல வாத்தியாரே, சக்கரம் வச்ச கோழிக்கூண்டு" என்று மட்டும் அவர் சொல்லாதிருந்தால், லைல் தம் உருளைக்கிழங்கை அமைதியாக உண்டு எழுந்திருப்பார்.

"பசிபிக்கா!" டாரலின் கண்கள் விரிந்தன. "எப்ப வாத்தியாரே?"

"எப்ப வேணும்னாலும்."

"அப்ப வர்ற சனிக்கிழமை!"

கூடமே கைதட்டியது. கைதட்டினால் எழுந்து தலைவணங்குவதே மரியாதை என்று, வடகோடிக் குளிர்ப் பிரதேசமான மினசோட்டாவில் வளர்க்கப்பட்டவர் லைல். எழுந்தார்; வணங்கினார். காரியம் முடிந்துவிட்டது.

இதில் ஒரு சிறிய இடர்ப்பாடு இருந்தது. லைல் தம் வண்டியை இதுநாள்வரை ஓட்டியதே இல்லை.

பணிக்காலம் முழுவதும் பள்ளியில் புவியியல் கற்பித்தவர் அவர். பசிபிக் கடலின் ஆழமும் நீரோட்டங்களும் மனப்பாடம். கடலைத்தான் நேரில் கண்டதில்லை. ஓய்வு பெற்றதும் குளிருக்கு அஞ்சி டெக்ஸாஸின் தென்கோடியில், வீட்டுவண்டிகள் வாடகைக்கு நிற்கும் இந்தப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தார். பத்தொன்பதாம் இடத்தில் நின்றுகொண்டிருந்த, பழுப்பு வரி ஓடிய ஒரு பழைய சிறு வண்டியை நின்ற நிலையிலேயே விலைக்கு வாங்கினார். அன்று முதல் வண்டி நின்றது, அவர் வாழ்ந்தார்.

எவ்வளவு சுகமாக வாழ்ந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. படுக்கையில் படுத்தபடியே கையை நீட்டினால் அடுப்பு. காப்பிக் கெண்டி கொதிக்கும் வரை எழ வேண்டிய அவசியமில்லை. உண்ணும் மேசையை மடக்கினால் எழுதும் மேசை. இன்னும் கொஞ்சம் மடக்கினால் விருந்தினர் கட்டில். குளிர்பெட்டிக் கதவு திறந்திருக்கும்போது குளியலறைக் கதவு திறக்காது என்பது உண்மையே. ஆனால் தனிமனிதர் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கதவுகளை எதற்காகத் திறக்க வேண்டும்? இருக்கைகளுக்கு அடியில் நிலப்படங்கள். சன்னலுக்கு வெளியே, பம்பளிமாஸ் போல் காய்க்கும் ஒரு கிரேப்ஃப்ரூட் மரம். மார்ச் மாதத்தில் அது பூத்தால், வண்டி முழுவதும் மணக்கும்.

அந்த இடத்தை விட்டு நகர்ந்தால் நகர்ந்ததுதான். போனவருக்காக இடத்தைப் பிடித்துவைக்கும் வழக்கம் பூங்காவில் இல்லை. காலியான இடம், அலுவலக வாசலில் காத்திருப்பவருக்கு.

அப்படியொன்றும் பிறர் விரும்பும் இடமன்று அது என்றே லைல் நம்பியிருந்தார். பக்கத்திலேயே சலவைக்கூடம், துணி உலர்த்தும் இயந்திரங்கள் பகல் முழுவதும் உறுமும். "பாவம், இந்த இரைச்சல்ல எப்படித்தான் இருக்கீங்களோ!" என்று மாலைதோறும் எவரேனும் வந்து, மரநிழலில் மடக்கு நாற்காலியை விரித்து, நெடுநேரம் அமர்ந்து இரங்கிவிட்டுப் போவது வழக்கம். யாருக்கு வேண்டாமென்றாலும் அவருக்கு அந்த இடம் உயிர்.

'காலையில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்' என்று எண்ணிக்கொண்டு அவர் உறங்கச் சென்றார்.

காலையில் கதவு அதிர்ந்தது. காப்பிக் கெண்டி கூட அப்போது கொதித்திருக்கவில்லை.

"வாத்தியாரே! எழுந்தாச்சா? எஞ்சினை ஒரு தடவை உறுமவிட்டுப் பாப்போமா?" டாரல் கையில் எண்ணெய்க் குவளையோடு துள்ளிக்கொண்டிருந்தார்.

லைல் சாவியைத் திருகினார். வண்டியிடமிருந்து 'டிக்' என்ற ஓர் ஒலி மட்டும் வந்தது. அவர் உள்ளத்தில் தேன் பாய்ந்தது.

"அடடா, பேட்டரி செத்துப்போச்சு. ரொம்ப வருத்தமா இருக்கு, டாரல். என்ன செய்யறது, இந்த வருஷம் குடுத்துவைக்கல."

"வருத்தமா? எதுக்கு?" டாரல் தம் வண்டியை நோக்கி ஓடினார். அந்த உடம்பு ஓடுவதைப் பூங்கா அதுவரை கண்டதில்லை. திரும்பி வந்தபோது அவர் கையில் புத்தம்புது பேட்டரி இருந்தது. "என் வண்டிக்குன்னு வாங்கினது. நீங்க வச்சுக்குங்க!"

"ஐயோ, இதை நான் எப்படி..."

"ஒரு வார்த்தை பேசக்கூடாது!"

எஞ்சின் ஒரு முறை இருமியது, கரும்புகையைத் துப்பியது, பிறகு மிக ஆரோக்கியமாக ஓடத் தொடங்கியது. சலவைக்கூடத்தில் இருந்தவர்கள் ஈரத் துணியோடு வெளியே வந்து ஆரவாரம் செய்தார்கள்.

செவ்வாய்க்கிழமை லைல் புதிய உத்தியோடு காத்திருந்தார். "டயரெல்லாம் வெடிச்சுக் கிடக்குது. நின்னு நின்னே கெட்டுப்போச்சு. இதுல போனா உயிருக்கே ஆபத்து" என்று, அவ்வழியே சென்ற மெர்வ் காதில் விழும்படி சொன்னார். மெர்வ் கனடாவின் சஸ்காச்சுவானில் கோதுமை விளைவித்தவர். ஒரு நாளைக்கு ஐந்தாறு சொற்களுக்கு மேல் செலவழிக்காதவர்.

மெர்வ் குனிந்தார். டயர்களைத் தட்டினார். "ம்" என்றார். போய்விட்டார்.

லைல் நிம்மதியாகக் காப்பி அருந்தினார்.

மாலையில் நகரத்துக் கடை லாரி ஒன்று வந்து நின்றது. வண்டியைத் தூக்கி, பழைய டயர்களைக் கழற்றி, புதியவற்றை மாட்டினார்கள். மெர்வ் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"மெர்வ், இதெல்லாம் ரொம்ப அதிகம்! உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?"

மெர்வ் நெடுநேரம் சிந்தித்தார். "போனா போதும்" என்றார்.

இத்துணைச் சுருக்கமான வாழ்த்தை லைல் தம் வாழ்நாளில் பெற்றதில்லை. மெர்வின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆயினும் இடத்தை விட மனம் வரவில்லை.

புதன்கிழமை காலை, வண்டியின் பக்கவாட்டுக் கூடாரத் துணியின் மடிப்பில் ஒரு பறவைக்கூடு தோன்றியிருந்தது. காய்ந்த புல்லும் சலவை இயந்திரத்துப் பஞ்சும் கொண்டு, அனுபவமில்லாத பறவை கட்டியதுபோல் இருந்தது அது. உள்ளே வெளிர்நீலத்தில் பழுப்புப் புள்ளி இட்ட ஒரு முட்டை.

"கூடு கட்டியிருக்கு! முட்டையும் இருக்கு! இதைக் கலைக்கிறது சட்டப்படி குத்தம்" என்று லைல் கண்ணியமான சோகத்துடன் அறிவித்தார். "சனிக்கிழமை கிளம்ப முடியாது போல இருக்கே."

பறவை என்றதும் ஃபிலிஸ் வராமல் இருப்பாரா? கனடாவின் மானிடோபாவிலிருந்து ஆண்டுதோறும் பறவை பார்ப்பதற்கென்றே வரும் அம்மையார் அவர். லைலின் மரத்துப் பழங்களை அனுமதி கேட்டுப் பறித்து மார்மலேட் என்னும் பழ ஜாம் காய்ச்சுவது அவருடைய மற்றொரு பொழுதுபோக்கு. தூரக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"மாக்கிங்பேர்டு! சந்தேகமே இல்ல! யாரும் பேசாதீங்க, தாய்ப்பறவை வரட்டும்!"

மரநிழலில் நாற்காலிகள் விரிந்தன. அனைவரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். தாய்ப்பறவை வரவில்லை. வெயில்தான் வந்தது. பிற்பகலில் கூட்டிலிருந்து ஒரு பழுப்புத் துளி சொட்டி, நேர் கீழே அமர்ந்திருந்த டாரலின் வெள்ளைத் தொப்பியில் விழுந்தது. பின்னர் இன்னொன்று.

டாரல் தொப்பியைக் கழற்றினார். விரலால் தொட்டார். நாவில் வைத்தார்.

"சாக்லேட்" என்றார்.

ஈஸ்டருக்காகக் கடைகளில் குவித்திருந்த மிட்டாய் முட்டைகளில் தாம் ஒன்றை வாங்கியதை லைல் நினைத்துக்கொண்டார். பூமி பிளந்து தம்மை உள்வாங்காதா என்று ஏங்கினார். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபிலிஸ் தூரக்கண்ணாடியை இறக்கி, ஆழ்ந்த அனுதாபத்துடன் அவர் கையைப் பற்றினார்.

"மனசைத் திடப்படுத்திக்குங்க, லைல். தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுட்டுது. இனிமே நீங்க தாராளமா கிளம்பலாம்."

"ஆமா ஆமா, பாவம்" என்றார் டாரல், தொப்பியை நக்கியபடி.

அன்று மாலை லைல் தம் சிறிய வண்டிக்குள் அமர்ந்து யோசித்தார். பொய் சொன்ன ஒருவனிடம் இத்தனை பெருந்தன்மையா? தன் தேவைக்கு வாங்கிய பேட்டரியை ஒருவர் தருகிறார். ஒருவர் டயர் வாங்கித் தருகிறார். சாக்லேட் முட்டையைக் கண்டும் ஓர் அம்மையார் அவர் மானத்தைக் காப்பாற்றுகிறார். பயணம் போக அஞ்சிய கிழவர் ஒருவரை எப்படியேனும் கடலைப் பார்க்கவைத்துவிட வேண்டும் என்று ஒரு பூங்காவே துடிக்கிறது! இவர்களை ஏமாற்றுவது நன்றி கெட்ட செயல் அல்லவா?

போகத்தான் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். முடிவு செய்தவுடன் அவருக்கே வியப்பளிக்கும்படி நெஞ்சு படபடத்தது. அச்சத்தால் மட்டும் அன்று. நிலப்படங்களை எடுத்துப் பரப்பினார். பாலைவனம், மலை, மீண்டும் பாலைவனம், பிறகு அந்தப் பெரிய நீலம்!

சனிக்கிழமை காலை வழியனுப்பு விழா திருமண வீடுபோல் இருந்தது. டாரல் தம் கையாலேயே மின்கம்பியைச் சுருட்டி வைத்தார். மெர்வ் தண்ணீர்க் குழாயைக் கழற்றினார். சக்கரக் கட்டைகளை உருவ ஆளாளுக்குப் போட்டியிட்டார்கள். ஃபிலிஸ் ஒரு ஜாடி மார்மலேடை நீட்டினார்.

"உங்க மரத்துப் பழம்தான். போற வழியில ரொட்டிக்குத் தொட்டுக்குங்க."

"உங்களையெல்லாம் விட்டுட்டுப் போக மனசே வரல" என்றார் லைல், கண்ணைத் துடைத்தபடி.

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாது!" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில், சற்றுப் பதற்றத்துடன் எழுந்தன.

"சிக்னல்ல நிக்காம போய்க்கிட்டே இருங்க வாத்தியாரே!" என்று டாரல் கத்தினார்.

வண்டி நகர்ந்தது! லைல் ஓட்டினார்! பூங்கா வாசலைக் கடந்து, நெடுஞ்சாலையில் ஏறியதும் பின்னால் பேரோசை கேட்டது. ஆண்டுக்கணக்கில் நின்ற வீடு ஓடத் தொடங்கினால் என்னவெல்லாம் ஓடும் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அலமாரிகள் திறந்தன; கரண்டிகள் பொழிந்தன; வாணலி ஒன்று முன்னும் பின்னுமாகச் சறுக்கி உலா வந்தது; உலகப்படம் உருண்டு வந்து அவர் தோள்மேல் சாய்ந்தது. அவரோ வாய்விட்டுச் சிரித்தார். "ஓடுது! கோழிக்கூண்டு ஓடுது!" என்று கூவினார். எதிரே வந்த லாரிக்காரர் ஒலிப்பானை அடிக்க, இவரும் அடித்தார். தம் வண்டிக்கு ஒலிப்பான் இருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

முதல் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, தரையில் உருண்டு கிடந்த மார்மலேட் ஜாடியை எடுத்தார். அது உடைந்திருக்கவில்லை. அதைக் கையில் ஏந்தியபோது எல்லாம் தெளிவாகிவிட்டது. பசிபிக் கடலில் என்ன இருக்கிறது? தண்ணீர். தம்மை இவ்வளவு நேசிக்கும் மனிதர்கள் இருப்பது பத்தொன்பதாம் இடத்தைச் சுற்றி அல்லவா! கடல் எங்கும் போய்விடாது. இந்த அன்பை விட்டுப் போகிறவன் முட்டாள். திரும்பிப் போய், "உங்களுக்காகவே வந்துட்டேன்!" என்று சொன்னால் அவர்கள் முகம் எப்படி மலரும்!

வண்டியைத் திருப்பினார். வாணலி மீண்டும் ஒருமுறை உலா வந்தது.

பூங்கா வாசலுக்குள் நுழைந்ததும் அவர் வண்டியை மெல்ல ஓரமாக நிறுத்தினார். ஓசையின்றிப் போய் வியப்பில் ஆழ்த்துவதே அவர் திட்டம். அலுவலக வாசலில் கூட்டம் தெரிந்தது. அவர் மரநிழலில் விரிந்த அதே மடக்கு நாற்காலிகள், இப்போது ஒன்றன்பின் ஒன்றாகக் கதவை நோக்கி நின்றன. முதல் நாற்காலியில் டாரல், அடுத்ததில் மெர்வ், அதற்கடுத்து ஃபிலிஸ். அவர்களுக்குப் பின்னும் பலர். அனைவரும் ஒரே நேரத்தில் உணர்ச்சி பொங்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். மெர்வ் கூடப் பேசிக்கொண்டிருந்தார்.

லைலின் கண்கள் மீண்டும் பனித்தன. 'நான் போய் அரைமணி கூட ஆகவில்லை, அதற்குள் பிரிவைத் தாங்காமல் ஒன்றுகூடிவிட்டார்களே! பத்தொன்பதாம் இடத்துக்கு என் பெயரை வைக்கும்படி அலுவலகத்தில் கேட்கிறார்களோ என்னவோ!'

அவர் பூனைபோல் நடந்து, வரிசையின் கடைசியில், எல்லோருடைய முதுகுக்கும் பின்னால் புன்னகையோடு நின்றார்.

அன்றுதான் வேலையில் சேர்ந்திருந்த யோலாண்டா என்ற பெண், வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டே பின்பக்கம் வந்தாள். புதிய முகத்தைக் கண்டு மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்களும் பத்தொன்பதாம் இடத்துக்குத்தானே சார்? வந்த வரிசையில கிடையாதாம், குடுத்த வரிசையிலதானாம், அவங்களுக்குள்ளயே பேசி முடிச்சுட்டாங்க. பேட்டரி குடுத்தவர் முதல்ல, டயர் குடுத்தவர் ரெண்டாவது, ஜாம் குடுத்த அம்மா மூணாவது... அந்தக் கிழவரைக் கிளப்புறதுக்கு நீங்க என்ன குடுத்தீங்க?"