நீர்மூழ்கி வாசலில் நின்ற கடற்படைக்காரர்

சீருடையைக் கண்டால் என் கை தானாகவே கைப்பைக்குள் போய்விடும். அது பயமா, மரியாதையா, வெறும் பழக்கமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. யுத்த காலத்தில் திருகோணமலையில் குடும்பம் நடத்தியவர்களுக்கு ஐசி என்கிற அடையாள அட்டை உடம்பில் இன்னோர் உறுப்பு மாதிரி. என்னுடைய அட்டையில் ஒரு சிக்கலும் இருந்தது. அதில் பிறந்த ஊரான இறக்கக்கண்டி முகவரி. கல்யாணமாகிக் குடியிருந்ததோ அன்புவழிபுரத்தில். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். (கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.)

சண்டை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலம். துறைமுகப் பக்கம் கடற்படை ஒரு காட்சிக்கூடம் அமைத்து, சேவை முடிந்த கப்பல்களையும் ஒரு சின்ன நீர்மூழ்கியையும் சனங்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் ஓடும் கப்பலைப் பார்த்தே தீர வேண்டும் என்று என் நாலு வயது மகள் ஆரணி அடம்பிடித்தாள். போனால் ஏன் போனாய் என்று யாரும் கேட்பார்களா, போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்பார்களா என்று மூன்று நாள் குழம்பிவிட்டு, கணவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நீர்மூழ்கியில் ஏறும் படியடியில் வெள்ளைச் சீருடையில் ஒருவர் நின்றார். கையுறை போட்ட அவருடைய வலது கை எங்களை நோக்கிச் சற்று உயர்ந்து நீண்டிருந்தது. கேட்க முன்பே என் அட்டையை அதில் வைத்தேன். அது வழுக்கி, சட்டைக் கைக்குள் போய் மறைந்தது. (எவ்வளவு லாவகமாக வாங்கினார் என்று நான் வியந்தேன்.)

அட்டை திரும்பி வரவில்லை.

"மாத்தயா, பிறந்தது இறக்கக்கண்டி. இப்ப இருக்கிறது அன்புவழிபுரம்," என்றேன். அதையே எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். ஆங்கிலத்திலும் சொன்னேன். அவர் என் தலைக்கு மேலால் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகவரி பிடிக்கவில்லையாக்கும் என்று எனக்கு வியர்த்தது. அட்டை இல்லாமல் வீடு போகும் வழியில் மூன்று சாவடிகளை எப்படிக் கடப்பது?

"இஞ்சேருங்கோ, ஐசியைத் தாறாரில்லை."

"பேசாம நில்லும். செக் பண்ணுறார் போல," என்றார் கணவர், தன்னுடைய அட்டையையும் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு. (அவர் பட்டதாரி.)

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. கிண்ணியாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்து வழக்கப்படி காக்கா, "என்ன தங்கச்சி, இவ்வளவு சுணக்கம்?" என்று கேட்டார்.

"அட்ரஸ் பிரச்சினை."

உடனே அவர் தன் அட்டையை எடுத்துத் தன் முகவரியைக் கவனமாக வாசித்துப் பார்த்தார்.

"அம்மா, மாமா ஏன் கண் சிமிட்டுறாரில்லை?" என்றாள் ஆரணி.

"சத்தம் போடாத. டியூட்டியில நிக்கிறார்."

கடைசியில், தேநீர்க் கோப்பையோடு வந்த ஒரு கடற்படைக்காரர் வரிசையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"அக்கா, இவர் பொம்மை," என்றார், மரியாதை குறையாமல்.

எனக்கு வந்த நிம்மதி ஒரு விநாடிதான். உயிருள்ளவர் என்றால் கெஞ்சியாவது அட்டையை வாங்கலாம். பொம்மையிடம் என்ன செய்ய ஏலும்? நடந்ததைச் சொன்னேன். அவர் பொம்மையை உலுக்கினார். அட்டை முழங்கையடியில் போய்ச் சிக்கிக்கொண்டது. பிறகு தோளில் திருகி, கையை முழுதாக உருவி எடுத்து, "கொஞ்சம் பிடிங்க," என்று என்னிடம் தந்துவிட்டு வெறும் சட்டைக் கைக்குள் துழாவினார். கழன்ற கையைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நான் நின்றேன். ஆரணி வீரிட்டு அழுதாள். காக்கா தன் அட்டையைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டு குடும்பத்தோடு வந்த வழியே திரும்பிவிட்டார்.

அட்டை கிடைத்தது. கடற்படைக்காரர் அதைத் துடைத்து, வாசித்து, நிமிர்ந்து கேட்டார்: "இறக்கக்கண்டி. இப்ப இருக்கிறது எங்க?"

முழுக் கதையையும் மறுபடி சொன்னேன். நீர்மூழ்கிக்குள் நாங்கள் ஏறவேயில்லை.

திங்கட்கிழமை பாலர் பாடசாலையில், லீவில் என்ன பார்த்தீர்கள் என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். ஆரணி எழுந்து, "எங்கட அம்மா நேவி மாமாட கையை வைச்சுக்கொண்டு நிண்டவ," என்றிருக்கிறாள். ரீச்சர் யன்னலைச் சாத்திவிட்டு எனக்கு ஆளனுப்பினார்.

போன வருடம் அவளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களுக்கும் அவளே இந்தக் கதையைச் சொன்னாள். பொம்மை என்ற விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள். பிறகு நான் எவ்வளவு விளக்கியும் பயனில்லை. கல்யாணம் நடந்துவிட்டது, ஆனால் தேநீர் கொண்டுபோனால் சம்பந்தியம்மா இன்றும் கை நீட்டி வாங்குவதில்லை.

"அந்த மேசையில வையுங்கோ மச்சாள், நான் எடுக்கிறன்," என்கிறார்.