கூடை எடையைக் கழிக்கவும்

அன்புள்ள தம்பிக்கும், உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை ஐயாவுக்கும் அக்காவின் வணக்கம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், காய்கறிக் கடையைத் திறக்கிறேன். இதில் முதல் இரண்டையாவது நீயும் ஒழுங்காகச் செய்கிறாய் என்று நம்புகிறேன். ஐயா, போன கடிதத்தில் மூன்று வரியைக் கறுப்பு மையால் அடித்துவிட்டீர்களாம். அது பீன்ஸ் விலை. அதில் வேறு திட்டம் எதுவும் இல்லை.

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ என்னிடம் சத்தியம் வாங்கினாயே, அந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி, இல்லாவிட்டால் நடுவில் பயந்துவிடுவாய்.

போன வாரம் நம் வக்கீலம்மா கடைக்கு வந்தார். போதைச் சட்டத்தைத் திருத்துவதற்கு ஒரு குழு போட்டிருக்கிறார்களாம், ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைவராம், பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் வந்து பேசலாமாம். உன் அத்தானின் வலிக்குத் தடவ நீ ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன எண்ணெயில் கஞ்சா இலை ஒரு கைப்பிடிதான். ஆனால் சட்டம் இலையை மட்டும் நிறுக்காது, அது கலந்திருக்கிற ஐந்து லிட்டர் எண்ணெயையும் சேர்த்துத்தான் நிறுக்கும். அதனால்தான் நீ பெரிய வியாபாரி ஆகிப் பத்து வருஷம் வாங்கினாய். தீர்ப்புச் சொன்ன நீதிபதியே, “என் கையைக் கட்டியிருக்கும்மா, இதுக்குக் கீழ என்னால இறங்க முடியாது” என்றது உனக்கும் ஞாபகம் இருக்கும். இலையை மட்டும் நிறுத்தால் அதிகம் போனால் ஒரு வருஷம். நீ இரண்டு முடித்துவிட்டாய். சட்டம் மாற வேண்டும், அது ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் பொருந்த வேண்டும், இதுதான் வக்கீலம்மா போடுகிற சண்டை.

“அக்கா, மூணே வரி பேசுங்க. நீங்க யாரு, என்ன தொழில், தம்பிக்கு என்ன ஆச்சு. அவ்வளவுதான். அது என்ன பையில?” என்றார் வக்கீலம்மா. தராசு என்றேன். “வேண்டாம்க்கா” என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டுதான் போனேன்.

வாசலில் காவலாளி பையைக் கிளறி எடைக்கல்லை எடுத்து, “இது என்னம்மா, ஆயுதமா?” என்றார். “ஒரு கிலோ” என்றேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிட, அவர் தனக்கு மேலே ஒருவரைக் கூப்பிட, கடைசியில் வந்தவர் கல்லின் அடியில் இருந்த அரசாங்க முத்திரையைப் பார்த்ததும் சல்யூட் அடிக்காத குறையாக உள்ளே விட்டார். அதற்குள் என் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்றாம், வக்கீலம்மா வராந்தாவில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்.

மூன்று வரியும் சொன்னேன் தம்பி, சத்தியமாகச் சொன்னேன். ஆனால் தலைவருக்குப் பக்கத்தில் ஒரு அதிகாரி, நான் பேசப் பேசப் பேனாவையே உருட்டிக்கொண்டிருந்தவர், “சட்டப்படி கலவை மொத்தமும் போதைப்பொருள்தாம்மா” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. தலைவருக்கு முன்னால் இருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை போட்டு, கூஜாவோடு தராசில் ஏற்றினேன்.

“ஐயா, இது ரெண்டரை கிலோ உப்பு” என்றேன்.

“அது தண்ணிம்மா” என்றார் அதிகாரி.

“அதைத்தாங்கய்யா நானும் ரெண்டு வருஷமா சொல்றேன்.”

யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. “பத்தொன்பது வருஷமா காய் விக்கிறேன். தக்காளியைக் கூடையோட நிறுத்தா கூடை எடையைக் கழிக்கணும். கழிக்கலேன்னா முத்திரை அதிகாரி வந்து தராசையே தூக்கிட்டுப் போயிடுவாரு. என் தம்பியை நிறுத்தீங்களே, அந்தத் தராசுக்கு யாருங்கய்யா முத்திரை வச்சது?”

தலைவர் யோசித்துக்கொண்டே கூஜாவிலிருந்து ஊற்றி ஒரு மடக்குக் குடித்துவிட்டார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இரண்டு குமாஸ்தாக்கள் துண்டோடு ஓடிவந்தார்கள். “பயப்படாதீங்கய்யா, கலந்தது ஒரு சிட்டிகைதான்” என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு, “உங்க வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்காரும்மா?” என்று கேட்டார், நல்ல மனுஷர். அவர் போய் நாலு மாசம் ஆச்சுங்கய்யா என்றேன். முன்னால் கொடுத்த எண்ணெய் இருந்தவரை, “காலு தூங்கிடுச்சுடி, நான்தான் முழிச்சிருக்கேன்” என்று கேலி பேசுவார். நீ போன பிறகு துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கதவு சத்தம் கேட்டால் “மச்சானா?” என்பார். உனக்கு வெளியூரில் வேலை என்று சொல்லியிருந்தேன். கடைசி நாளில், “மச்சான் வேலை முடிஞ்சு வந்தா என் சட்டையெல்லாம் அவனுக்குக் குடு, கைதான் கொஞ்சம் நீளமா இருக்கும்” என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது தம்பி. எனக்காகத்தான் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்.

பிறகு தலைவர், “எண்ணெயில இலையைக் கலந்தது யாரும்மா?” என்று கேட்டார். வக்கீலம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். எனக்குக் காது மந்தம் ஐயா என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆக, உன் சத்தியம் பத்திரமாக இருக்கிறது.

நோய் நொடி அண்டாமல், யாரோடும் சண்டை போடாமல் இரு. சிறை ஐயாவின் பிள்ளைகுட்டிகளும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். காது மந்தம் என்றது பொய். நன்றாகவே கேட்டது. “நான்தாங்கய்யா” என்று சொல்லிவிட்டேன். ஒரு டம்ளர் எண்ணெய் போதும் என்று நீ சொன்னதையும், அவருக்கு நிறைய நாள் வரட்டும் என்று நான் கேன் முழுக்க ஊற்றியதையும், மூடியைச் சரியாகத் திருகாமல் உன்னைப் பேருந்தில் ஏற்றியதையும், அது ஒழுகிப் போலீஸ்காரர் பூட்ஸில் சொட்டியதையும், ஒன்று விடாமல் சொன்னேன். “அத்தானைப் பார்த்துக்க நீ வேணும்க்கா” என்றுதானே சத்தியம் வாங்கினாய்? பார்த்துக்கொண்டேன். இப்போது பார்த்துக்கொள்ள அவர் இல்லை.

வக்கீலம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து என் தோளைப் பிடித்து, “சரிக்கா, இன்னையிலேர்ந்து நீங்களும் என் கட்சிக்காரர்” என்றார். தலைவர் எல்லாவற்றையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். முதலில் நீ வெளியே வருவாயோ, நான் உள்ளே வருவேனோ, தெரியாது. நீ வந்தால் கடைச் சாவி பக்கத்துத் தையல்காரரிடம் இருக்கிறது. அத்தான் சட்டைகள் அலமாரியில், கையை மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன். தக்காளிக் கூடை முக்கால் கிலோ. கழிக்க மறக்காதே.